கடைசிப் பந்தி

முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற நாள். என் தாய்மாமா ஆல்டருக்கு முன்னால் கம்பி ஓரம் முழங்கால் படியிட்டு, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏந்தி வைத்திருந்தார். கொத்தனார் கை. சுண்ணாம்பும் சிமெண்டும் தின்று விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். கமிட்டிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து வந்து, குனிந்து, காதில் ஏதோ சொன்னார். மாமா அசையவில்லை. அப்புறம் அவர் தோளைத் தொட்டார். மாமா எழுந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார், யார் முகத்தையும் பார்க்காமல் நடுவழியாக நடந்து வெளியே போனார். பாட்டு நிற்கவில்லை. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வரிசையாக அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தார். மாமா இருந்த இடம் வந்ததும் ஒரு ஆள் அளவு தாண்டி, அடுத்தவர் கையில் வைத்தார். எனக்கு அப்போது 13 வயது. அந்த ஒரு ஆள் இடைவெளி இன்றுவரை என் கண்ணிலிருந்து போகவில்லை.

மாமா குடிப்பார். முந்தின நாள் ராத்திரியும் குடித்திருந்தார், காலையிலும் வாடை போகவில்லை. அது பொய்யில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எழுப்பிவிட்டவர் மேல் கோபம்கூட வரவில்லை. மாமா சீக்கிரம் வாசலைத் தாண்டிவிட்டால் போதும், என்னோடு ஞாயிறு பள்ளியில் படிக்கிற பையன்கள் இது யாருடைய மாமா என்று நினைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மாமா கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இது வேறு கதை. ஒவ்வொரு ஞாயிறும் வருவார். கடைசி பெஞ்சில், செருப்பு கிடக்கிற வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவார். பிரசங்கம் முடியும். காணிக்கை எடுப்பார்கள். நற்கருணை ஒழுங்கு தொடங்குகிற நேரத்தில் மெதுவாக எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். கடைசி ஜெபத்துக்கு மறுபடி வாசல்படியில் வந்து நின்று தலை குனிவார். இப்படி 17 வருஷம்.

ஒருமுறை அம்மா அவரிடம் கேட்டாள், "ஏம்ப்பா, ஒரு தடவ வந்து எடுத்தா என்ன? புது ஐயர்தானே" என்று. "அபாத்திரமா எடுக்கக் கூடாதுக்கா" என்றார். அவ்வளவுதான். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதின வசனம். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி புசிக்கிறான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். முதல் நற்கருணைக்கு முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னை நீயே சோதித்துப் பார், பாத்திரனாக இல்லையென்றால் தொடாதே. யாரும் இல்லாதபோது மாமா அந்த வசனத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அசனத்தன்று

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம், அதாவது ஊருக்கே போடுகிற விருந்து. அதன் சமையல் மாமாவின் பொறுப்பு. யாரும் தீர்மானம் போட்டுக் கொடுத்ததில்லை, அவருக்கு அது கைவந்தது. முந்தின நாள் சாயங்காலமே அடுப்பு தோண்டுவார். பனைமட்டையும் உடைவிறகும் வந்து இறங்கும். ஆட்டுக்கறி வெந்து குழம்பு சேருகிற பக்குவம் பார்ப்பது, சோற்றை வடித்து ஓலைப்பாயில் மலை மாதிரிக் கொட்டி வெள்ளைத் துணியால் மூடுவது, எந்தக் கிடாரத்தில் உப்பு தூக்கல் என்று கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, எல்லாம் அவர்தான். அந்த ஒரு ராத்திரி குடிக்க மாட்டார். தேரிக் காற்று செம்மண்ணை வாரிக் கொண்டுவரும் என்பதால் கிடாரங்களைச் சுற்றித் தென்னந்தட்டி கட்டி, நடுவில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்பார்.

மறுநாள் பந்தி. ஊரில் யார் வேண்டுமானாலும் வரலாம். கோயிலுக்கு வருகிறவர்கள், வராதவர்கள், பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பக்கத்து ஊரிலிருந்து தூக்குச்சட்டியோடு வருகிற கிழவிகள். யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. இலையைப் போட்டு உட்கார்ந்தால் சோறு வரும். மாமா ஒவ்வொரு பந்தியிலும் நடந்து பார்ப்பார். "கறி வரலையா இங்க? ஏல, இங்க கொண்டா" என்று சத்தம் போடுவார். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் தேய்க்கிற பெண்கள் உட்கார்கிற கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார். மிஞ்சினது ரசம் மட்டும் என்றாலும் அவருக்குச் சரி.

அவரை நற்கருணையிலிருந்து எழுப்பிவிட்ட கமிட்டிக்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்து மாமா கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். மாமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா என்று கேட்டார்.

ஒரு சொல்

எனக்கு 30 வயதில், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, வாலிபர் ஞாயிறுக்குச் செய்தி கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்த பகுதி 1 கொரிந்தியர் 11. அபாத்திரம் வருகிற அதே அதிகாரம். நான் பிரசங்கியார் இல்லை, கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறவன். பயத்தில் மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். நற்கருணையில் வாசிக்கிற வசனங்கள் 23-இல் ஆரம்பிக்கின்றன. அதற்கு முன்னால் இருக்கிற ஐந்தாறு வசனங்களை அதுவரை நான் கவனித்து வாசித்ததே இல்லை. இந்தத் தடவை 17-இலிருந்து வாசித்தேன். 21-ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன்: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வெறி என்றால் இங்கே குடிவெறி.

கி.பி. 50களின் நடுவில் எழுதப்பட்ட கடிதம் அது. அப்போது கோயில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் சபை கூடும். நற்கருணை என்றால் நம்முடையதுபோல ஒரு சின்ன அப்பத்துண்டும் ஒரு வாய் திராட்சரசமும் இல்லை, நிஜமான ராச்சாப்பாட்டோடு சேர்ந்தது. ரோமர் காலத்து வீட்டின் சாப்பாட்டு அறையில் சாய்ந்துகொண்டு சாப்பிட வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம். வீட்டுக்காரரும் அவர் சிநேகிதர்களும் அங்கே நேரத்தோடு உட்கார்ந்து தின்று குடித்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தபின் வேலை முடிந்து வருகிற அடிமைகளும் கூலிக்காரர்களும் முற்றத்தில் நிற்பார்கள். அவர்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. பவுலுக்கு வந்த கோபம் இதன்மேல். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அபாத்திரமாய் என்ற சொல் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. அவர் சொல்கிற அபாத்திரம் முற்றத்தில் நின்றவனுடையதல்ல, அவனை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே சாப்பிட்டவர்களுடையது.

நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 17 வருஷமாக வேப்பமரத்தடியில் நின்ற மனிதருக்கு எதிராக நாங்கள் வைத்திருந்த வசனம், அவரை அங்கே நிற்கவிட்டு உள்ளே அப்பம் எடுத்த எங்களைப் பற்றியது. என்னையும் சேர்த்து. அந்த 17 வருஷத்தில், திடப்படுத்தல் முடிந்த பிறகு, ஊரில் இருந்த முதல் ஞாயிறுகளில் எல்லாம் நான் எடுத்திருக்கிறேன். மேசையின் கீழே விழுகிற துணிக்கைகளைப் பொறுக்கிக்கொள்ளவும் நாங்கள் பாத்திரரல்ல என்று சபையோடு சேர்ந்து ஜெபித்துவிட்டு, எழுந்து போய் எடுத்திருக்கிறேன். அந்த ஜெபத்தை நாங்கள் எல்லாரும் சொன்னோம். அதைச் சொன்னபடியே நம்பினவர் மாமா ஒருவர்தான்.

பவுல் அந்தப் பகுதியை எப்படி முடிக்கிறார் என்று பாருங்கள். தகுதியுள்ளவர்கள் மட்டும் வாருங்கள் என்றல்ல. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார். இந்தக் காத்திருத்தலைத் தேடிப் போனபோது இன்னொன்று கிடைத்தது. லூக்கா 15-இல் இயேசுவைப் பற்றிப் பரிசேயர் முறுமுறுக்கிற வாக்கியம் நமக்கெல்லாம் மனப்பாடம்: "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்." அந்த 'ஏற்றுக்கொண்டு' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்குக் காத்திருப்பது, எதிர்பார்த்திருப்பது என்றும் பொருள் உண்டு. இஸ்ரவேலின் ஆறுதல் வரக் காத்திருந்தான் என்று சிமியோன் தாத்தாவைப் பற்றிச் சொல்கிற இடத்திலும் லூக்கா அதே சொல்லைத்தான் போடுகிறார். பவுல் சொன்ன 'காத்திருங்கள்' அதே வேரிலிருந்து வந்த சொல், அதற்கு வரவேற்பது என்றும் பொருள் உண்டு. யாரையும் தடுக்கவில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே நம் சாப்பாட்டைப் பார்ப்பதற்கு அந்தப் பெயர் இல்லை. அவன் வருகிறவரை சோற்றில் கை வைக்காமல் இருப்பதற்குத்தான் ஏற்றுக்கொள்ளுதல் என்று பெயர்.

ஒழுங்கு வேண்டாமா?

இதைச் சொல்கிறபோதெல்லாம் ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அப்படியானால் சபை ஒழுங்கு எதற்கு? அதே பவுல், அதே கடிதத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், சகோதரன் எனப்பட்ட ஒருவன் வெறியனாயிருந்தால் அவனோடு சாப்பிடவும் கூடாது என்று எழுதவில்லையா? எழுதியிருக்கிறார். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் வெறியனுக்கு முன்னாலேயே பொருளாசைக்காரன் இருக்கிறான், பிறரைப் பழித்துப் பேசுகிற உதாசினன் இருக்கிறான். பொருளாசைக்காக யாரையும் நற்கருணைக் கம்பியிலிருந்து தோளைத் தொட்டு எழுப்பியதை நான் பார்த்ததில்லை. சாராயத்துக்கு வாடை உண்டு, பேராசைக்கு இல்லை. அதுமட்டுமல்ல, இரண்டாம் கடிதத்தில் தண்டனை பெற்ற ஒருவனைப் பற்றிப் பவுல் பதறுகிறார். அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார். அந்த இரண்டாம் கடிதம் எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை.

இயேசு பாவத்தை லேசாக எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. குடியை லேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை, அத்தை காதில் கிடந்த கம்மல் எத்தனை தடவை அடகுக்குப் போனது என்று எனக்குத் தெரியும். ஆனால் எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள். சகேயு ஆயக்காரருக்குத் தலைவன். எரிகோவில் ரோமருக்காக வரி வசூலித்து, சொந்த ஜனத்தைச் சுரண்டிச் சம்பாதித்தவன். மரத்தின்மேல் இருந்தவனிடம் இயேசு, முதலில் அநியாயமாய் வாங்கினதைத் திருப்பிக் கொடு, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிற பேச்சே வருகிறது. கடைசி இராப்போஜனத்தில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் கையும் பந்தியில் இருந்தது என்று லூக்கா எழுதுகிறார். அந்தக் கை எது என்று அவருக்குத் தெரியும். யாரும் அவன் தோளைத் தொட்டு எழுப்பவில்லை.

நம் திருச்சபை வரலாற்றில் முற்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் குடிகாரர்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வடக்கன்குளத்தில் 1870களில் கட்டின கோயில் இரண்டு கால்கள் விரித்ததுபோல இரண்டு கூடங்களாக இருந்தது. ஒரே பலிபீடம், ஆனால் சாதிக்கொரு கூடம், நடுவே தடுப்பு. 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தபோது, அது மறுபடி வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். தஞ்சாவூரில் 1830களில், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, சபையை விட்டே வெளியேறினவர்கள் உண்டு. நாம் இன்றும் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரே அந்த நாட்களில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். அவர் பாட்டுகளை நான் நேசிக்கிறேன், அதனால் இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டேன் என்ற சண்டை நம் சபைகளில் எத்தனை தலைமுறை ஓடியிருக்கிறது! இவர்களில் யாரும் பவுலின் அந்த அதிகாரத்தை வாசிக்காதவர்கள் இல்லை. 23-ஆம் வசனத்திலிருந்து வாசித்தார்கள், என்னைப் போல.

வேப்பமரத்தடியில்

அந்த வாலிபர் ஞாயிறில் நான் இதைத்தான் பேசினேன். மாமா பெயரைச் சொல்லவில்லை. சிலர் தலையாட்டினார்கள், சிலர் சன்னலைப் பார்த்தார்கள். நற்கருணை ஒழுங்கு ஆரம்பித்ததும் மாமா வழக்கம்போல எழுந்து போனார். நானும் எழுந்து அவர் பின்னாலே போனேன். முதல் தடவை.

வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே பாட்டு கேட்டது. "நல்லாப் பேசுன மருமவனே" என்றார். நான், "மாமா, உங்களுக்குத்தான் பேசினேன்" என்றேன். "தெரியும்லா" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நீ சொல்லுதது நெசமாத்தான் இருக்கும். ஆனா அந்த நடுவழி இருக்கு பாத்தியா, அதுல ஒரு தடவ வெளிய நடந்துட்டேன். அதே வழியில உள்ள நடக்கணும்லா. எனக்குக் கால் வரமாட்டேங்கு."

நான் மூன்று நாள் உட்கார்ந்து கிரேக்கச் சொல் தேடினேன். அவர் இந்த ஒரு பேச்சில் அதைத் தாண்டிவிட்டார். வசனத்துக்குச் சரியான அர்த்தம் சொல்லிவிட்டால் வெளியே நிற்கிறவர் தானாக உள்ளே வந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். இயேசு சொன்ன கதையில் காணாமற்போன ஆடு, மேய்ப்பன் தன்னை மன்னித்துவிட்டான் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வரவில்லை. அவன் போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். நடக்க வேண்டியது ஆடு அல்ல.

அன்று சாயங்காலம் அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாமாவின் குடியால் நேராக அடி வாங்கினது அவள். எழுப்பிவிட்டது சரிதான் என்பாள் என்று நினைத்தேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "கோயில்ல எழுப்பிவிட்டாவ, சரி. அன்னைக்குப் பொறவு ஒரு ஆளாவது இந்த வாசப்படி ஏறி, ஏம்மா நீ எப்படி இருக்க, பிள்ளையள் சாப்பிட்டா என்னன்னு கேட்டாவளா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்கு ஈரல் கெட்டுப் படுத்துவிட்டார். குடியை விட்டிருந்தார், ஆனால் உடம்பு கேட்கவில்லை. அந்தச் சமயம் சேகரத்துக்கு ஒரு இளவயது ஐயர் வந்திருந்தார். அம்மா போய்ச் சொன்னாளா, அவராகவே வந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சின்னப் பையில் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நடுவழியில் மாமா நடக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்தார்கள். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகியிருந்தது. ஜெபமெல்லாம் முடிந்து, ஐயர் அப்பத்தைப் பிட்டு அவரிடம் நீட்டினார்.

மாமா கையை ஏந்தவில்லை. பயந்துவிட்டாரோ, மறுபடி அந்தச் சொல்தான் வந்துவிட்டதோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஐயருக்குக் காப்பி போட உள்ளே போயிருந்தாள்.

"ஐயரே, கொஞ்சம் பொறுங்க" என்றார். "அவளும் வந்துரட்டும்."

ஐயர் நீட்டின கையைப் பின்னுக்கு இழுத்து, அப்பத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதுவரை எல்லாரும் காத்திருந்தோம்.